பந்தல் பிரித்த பிறகு

சி மொழியில் செட்ஜம்ப், லாங்ஜம்ப் என்று ஒரு ஜோடி உண்டு. முதலாவது, ப்ரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும் ஓரிடத்தில் ஒரு குறி போட்டு வைக்கும். இரண்டாவது, அதற்கப்புறம் எந்த ஃபங்ஷனுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தாலும் ஒரே தாவலில் அந்தக் குறிக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். இதைத் தமிழில் விளக்குகிறவர்கள், நான் பார்த்தவரை, இரண்டு கட்சி. ஒரு கட்சி "வீடியோ கேம்ல சேவ் பாயின்ட் மாதிரி ப்ரோ, செத்தா அங்கேருந்து மறுபடி ஆரம்பிக்கலாம்" என்கிறது. இன்னொரு கட்சி கஞ்சி போட்ட தமிழில் "செயலாக்கச் சூழலைச் சேமித்து மீட்டெடுத்தல்" என்று எழுதுகிறது. இரண்டுமே பொய். முதல் பொய்யை விட்டுவிடலாம், அது விளையாட்டுப் பேச்சு. இரண்டாவதை விட மனசு வரவில்லை. சொல்லைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் சொல்லில் செய்த தப்பு அது.

சூழல் என்று எதைச் சொல்கிறோம்? ஒரு வீட்டின் சூழல் என்றால் அடுப்பு எரிகிறதா, யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள், வாசலில் யார் செருப்பு கிடக்கிறது, எல்லாம் சேர்ந்ததுதான். செட்ஜம்ப் இதில் எதையும் சேமிப்பதில்லை. வீட்டு விலாசத்தை ஒரு துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறது. திரும்பி வரும்போது வீடு எரிந்து போயிருந்தாலும் சீட்டு உங்களைச் சரியான வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். அதோடு அதன் வேலை முடிந்தது.

எனக்கு இந்தக் கோபம் ஏறியது அரியூர் நாட்டில், சித்தப்பா வீட்டுத் திண்ணையில். கொல்லிமலை தெரியாதவர்களுக்கு: மலைமேல் ஊர்களை நாடு நாடாகத்தான் பிரித்துச் சொல்வோம். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு. அதில் ஒன்று அரியூர் நாடு. (வல்வில் ஓரியை இழுக்காமல் கொல்லிமலையைப் பற்றி யாராலும் கட்டுரை எழுத முடியாது என்பார்கள். இழுத்தாயிற்று, மேலே போவோம்.)

சித்தப்பா மகன் கீழே ஒரு கல்லூரியில் பொறியியல் கடைசி வருடம். ப்ராஜெக்ட், மிளகுக்கொடி இலைகளின் படங்களை வாங்கி நோய் விழுந்த புள்ளிகளை எண்ணும் சி ப்ரோகிராம். படங்கள் பி.என்.ஜி. வடிவில் வரும். தோட்டத்திலிருந்து சித்தப்பா, பெரியப்பா என்று ஆளாளுக்கு அனுப்புவார்கள். மலையில் சிக்னல் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, பாதிப் படம் வந்து நின்றுவிடும். பாதிப் படத்தைத் திறக்கப் போனால், படிக்கிற வேலையைச் செய்யும் லிப்-பி.என்.ஜி. நூலகம் "இதுக்கு மேல ஒண்ணும் இல்லை" என்று கையை விரித்து லாங்ஜம்ப் அடிக்கும். அதன் ஏற்பாடே அப்படி. அந்த நூலகத்தைப் பயன்படுத்துகிறவன் முதலிலேயே செட்ஜம்ப் போட்டு வைத்திருக்க வேண்டும். தம்பியும் எங்கிருந்தோ அந்த வரியை எடுத்து ஒட்டியிருந்தான்.

"அண்ணா, சும்மா ஓட்டுனா நல்லா ஓடுது. வேகத்துக்குன்னு ஆப்டிமைசேஷன் ஓ-2 போட்டேன். இப்ப மெமரி ஏறிக்கிட்டே போகுதுண்ணா."

பார்த்தேன். ஒரு பாயின்டர், ஆரம்பத்தில் வெறுமை, அதாவது நல். அடுத்து செட்ஜம்ப். அப்புறம் படத்துக்காக நினைவகம் வாங்கி, அதன் முகவரியை அந்தப் பாயின்டரில் வைக்கிறான். பிறகு படிக்கிறான். படம் பாதியில் அறுந்தால் குறிக்குத் தாவி வந்து, பாயின்டரில் ஏதாவது இருந்தால் நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்கிறான். வாசித்தால் குற்றம் தெரியாது. ஆனால் தாவி வந்து பார்க்கும்போது பாயின்டர் மறுபடி நல்லாக நிற்கிறது. நினைவகம் வாங்கியது வாங்கியபடி இருக்கிறது, அதன் முகவரிதான் தொலைந்துவிட்டது. ஒவ்வொரு பாதிப் படத்துக்கும் ஒரு துண்டு நினைவகம் அனாதையாகிறது.

ஏன்? ஆப்டிமைசேஷன் போட்டதும் கம்பைலர் அந்தப் பாயின்டரை நினைவகத்தில் வைக்காமல் ஒரு ரிஜிஸ்டரில் வைத்துவிட்டது. செட்ஜம்ப் போட்ட கணத்தில் அந்த ரிஜிஸ்டரில் இருந்தது நல், அது சீட்டில் எழுதப்பட்டது. லாங்ஜம்ப் சீட்டைப் பார்த்து ரிஜிஸ்டரை நிரப்பியது, நல் திரும்ப வந்தது. ஆப்டிமைசேஷன் இல்லாதபோது பாயின்டர் நினைவகத்தில் இருந்தது. நினைவகத்தை லாங்ஜம்ப் தொடுவதே இல்லை, அதனால் புது மதிப்பு அப்படியே நின்றது. ஒரே தாவலில் சில பொருள் பழசாகத் திரும்புகிறது, சில பொருள் புதுசாகவே நிற்கிறது, எது எப்படி என்று எழுதினவனுக்குத் தெரியாது. சி மொழியின் தரநிலையும் இதைத்தான் சொல்கிறது: குறி போட்ட அதே ஃபங்ஷனின் உள்ளூர் மாறிகளில், வோலடைல் என்று அறிவிக்காதவை இடையில் மாறியிருந்தால் அவற்றின் மதிப்பு இன்னது என்று உறுதி கிடையாது.

"சேவ் பாயின்ட்னாங்களேண்ணா? அப்ப எல்லாமே பழையபடி ஆயிடணும்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை. அவன் நம்பினான். உவமை சொன்னவர்களை நம்பினான். வோலடைல் போடச் சொன்னேன், போட்டான், அப்போதும் ஒழுகியது. நட்சத்திரக் குறிக்கு இந்தப் பக்கம் போட்டிருந்தான். இந்தப் பக்கம் போட்டால் பாயின்டர் காட்டுகிற பொருள்தான் வோலடைல். அந்தப் பக்கம் போட்டால்தான் பாயின்டரே வோலடைல். ஒரு நட்சத்திரத்துக்கு முன்னா பின்னா என்பதில் ஒரு சாயங்காலம் போயிற்று. சேவ் பாயின்ட் என்ற சொல்லை ஒரு தரம்கூடக் கேட்காதவனாக இருந்திருந்தால் அரைமணி நேரத்தில் கண்டுபிடித்திருப்பான்.

சீட்டில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறது என்று பார்த்துவிடலாம். நம் மடிக்கணினிகளில் சாதாரணமாக இருக்கும் 64-பிட் எக்ஸ்86 லினக்ஸில், செட்ஜம்ப் குறித்துவைக்கிற ரிஜிஸ்டர்கள் மொத்தம் 8. அடுத்து எந்தக் கட்டளை, அடுக்கின் உச்சி எங்கே, மீதி 6 ரிஜிஸ்டரும் அழைப்பவருக்குப் பத்திரமாகத் திருப்பித் தரவேண்டியவை. தலைக்கு 8 பைட் என்றால் 64 பைட். யுனிக்கோடில் "கொல்லிமலை" என்று ஒரு தரம் எழுத 27 பைட் ஆகிறது. நீங்கள் சொல்கிற "செயலாக்கச் சூழல்" முழுவதும் கொல்லிமலை, கொல்லிமலை என்று இரண்டு தரம் எழுதிப் பத்து பைட் மிச்சம் வைக்கிற இடத்தில் அடங்கிவிடுகிறது. (சிக்னல் மறைப்பைச் சேமிக்க ஒதுக்கிய இடத்தையும் சேர்த்தால் பெட்டி 200 பைட். ஆனால் லினக்ஸில் வெறும் செட்ஜம்ப் அந்த மறைப்பைச் சேமிப்பதில்லை, அதற்கு சிக்செட்ஜம்ப் என்று தனி ஆள் உண்டு.)

தரநிலை ஆவணமே "என்விரான்மென்ட்" என்றுதானே எழுதுகிறது, நாங்கள் மொழிபெயர்த்தோம் என்று யாராவது சொல்லலாம். எழுதுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 1999-ஆம் வருடத் தரநிலை அந்தச் சொல்லை எழுதிய கையோடு அதன் வாலையும் நறுக்கிவிடுகிறது. சரியான இடத்துக்குத் திரும்பிவரப் போதுமான தகவல் மட்டும்தான். திறந்து கிடக்கும் கோப்புகளின் நிலை சேராது, மிதவைப்புள்ளிக் கணக்கின் கொடிகள் சேரா, வேறு எதுவும் சேராது என்று. மொழிபெயர்த்தவர்கள் சொல்லை எடுத்துக்கொண்டு வால் நறுக்கியதை விட்டுவிட்டார்கள். இடக்குறி என்று எழுதியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

மலையில் இருந்துகொண்டு இதைத் தம்பிக்கு விளக்குவது சுலபமாக இருந்தது. காரவள்ளியிலிருந்து மேலே வர 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. ஃபங்ஷன் ஃபங்ஷனை அழைப்பது இந்த ஏற்றம். சாதாரண ரிட்டர்ன் என்பது வந்த வழியே ஒவ்வொரு வளைவாக இறங்குவது. இறங்கும்போது அந்தந்த வளைவில் விட்டுவந்ததை எடுத்துக்கொள்ளலாம்: திறந்த கோப்பை மூடலாம், கடன் வாங்கிய நினைவகத்தைக் கொடுக்கலாம், போட்ட பூட்டைத் திறக்கலாம். லாங்ஜம்ப் என்பது குறுக்குத்தடம். 52-ஆம் வளைவில் நிற்கிறவன் 3-ஆம் வளைவில் வந்து குதிக்கிறான். இடையில் இருக்கும் 48 வளைவிலும் அவன் வைத்துவிட்டு வந்தது வைத்தபடியே கிடக்கும். அதைக் கூட்டிப் பெருக்க லாங்ஜம்ப்பில் ஆள் கிடையாது. சி++ மொழியில் எக்ஸெப்ஷன் வீசினால் வழியில் இருக்கிற டிஸ்ட்ரக்டர்களை எல்லாம் எழுப்பிவிட்டுக்கொண்டு இறங்கும், சி-யில் அந்தக் கொடுப்பினை இல்லை.

குறுக்குத்தடத்தைக் கேவலமாக நினைக்கிற மரபில் நான் வரவில்லை. ரோடு வருவதற்கு முன்னால் மலைஜனம் முழுக்கத் தடத்தில்தான் ஏறி இறங்கியது. புளியஞ்சோலைப் பக்கமிருந்து இன்றைக்கும் நடந்து ஏறுகிறவர்கள் உண்டு. ஆனால் தடத்தில் இறங்குகிறவன் தலைச்சுமையை எங்கே வைத்தோம் என்று தெரிந்துகொண்டு இறங்குவான்.

இன்னொரு விபத்தும் உண்டு, இது பெரிசு. குறி போட்ட ஃபங்ஷனே முடிந்து போய்விட்டது, அதற்கப்புறம் அந்தக் குறிக்குத் தாவினால்? ஃபங்ஷன் என்ற சொல்லுக்கு நம் ஊரில் இருக்கும் இன்னொரு அர்த்தத்தை வைத்தே சொல்கிறேன். கல்யாணம் முடிந்தது, பந்தல் பிரித்தாயிற்று, அதே திடலில் இன்றைக்கு வேறு யாரோ பந்தல் போட்டுத் துக்க வீட்டுக் காரியம் நடத்துகிறார்கள். நீங்கள் பழைய அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு நேராகப் பந்திக்குப் போய் உட்கார்ந்து "பாயசம் எங்கே" என்கிறீர்கள். விலாசம் சரி. திடல் அதேதான். அடுக்கில் அந்த ஃபங்ஷனுக்கு ஒதுக்கிய இடம் அதற்குள் வேறு ஃபங்ஷனின் கைக்குப் போயிருக்கும். என்ன நடக்கும் என்று தரநிலை சொல்ல மறுக்கிறது. உடனே செத்தால் அதிர்ஷ்டம். சாகாமல் தப்பான கணக்கோடு ஓடிக்கொண்டிருப்பதுதான் சங்கடம்.

இது கத்துக்குட்டிகள் செய்கிற தப்பு என்று நினைக்க வேண்டாம். யுனிக்ஸைப் பெற்றவர்களே செய்தார்கள். 1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யுனிக்ஸின் கெர்னலில், ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது: இது உனக்குப் புரியும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்கிற பொருளில். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் அந்த மூலநிரலுக்கு வரிவரியாக உரை எழுதினார், அதை ஏடி அண்ட் டி வகுப்பில் வைத்து நடத்தக் கூடாது என்று தடுத்தது, உரை ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாக உலகம் சுற்றியது, 1996-இல்தான் முறையாகப் புத்தகமானது. அந்த ஒரு வரிக் குறிப்பு மட்டும் சட்டையில் அச்சடிக்கிற அளவுக்குப் பிரபலமாயிற்று, ஏதோ உபநிஷத வாக்கியம் மாதிரி. டென்னிஸ் ரிச்சி பிறகு விளக்கம் எழுதினார். இது பரீட்சைக்கு வராது என்பது மாதிரியான அர்த்தத்தில்தான் எழுதினோம், திமிரில் இல்லை. உண்மையான சிக்கல் எங்களுக்கே அது புரியவில்லை என்பதுதான், என்று.

என்ன புரியவில்லை? ரிஜிஸ்டர் நிலையைச் சேமித்தது ஒரு ஃபங்ஷன். மீட்டெடுத்த பிறகு ரிட்டர்ன் ஆனது வேறொரு ஃபங்ஷனின் கட்டளைகள் வழியாக. பிடிபி-11 கணினியில் இது ஓடியது, ஏனென்றால் அங்கே கம்பைலர் எல்லா ஃபங்ஷனுக்கும் ஒரே அச்சில்தான் ரிஜிஸ்டர்களைச் சேமிக்கும், யார் வாசல் வழியாக வெளியே போனாலும் ஒன்றுதான். யுனிக்ஸை இன்டர்டேட்டா கணினிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கம்பைலர் ஃபங்ஷனுக்கு ஃபங்ஷன் வேறு வேறு எண்ணிக்கையில் ரிஜிஸ்டர்களைச் சேமித்தது. படுத்துவிட்டது. ஏழாம் பதிப்பில், 1979, அந்த ஏற்பாட்டையே மாற்றினார்கள். செட்ஜம்ப், லாங்ஜம்ப் ஜோடியையும் நாம் அந்தப் பதிப்பின் கையேட்டில் பார்க்கிறோம். சூழலைச் சேமித்துவிட்டோம் என்று நம்பியவர்கள் அவ்வளவு பெரிய ஆட்கள். சேமித்தது இடத்தைத்தான் என்பதை வேறொரு மெஷின் வந்துதான் அவர்களுக்குக் காட்டியது. ரிச்சி அதை ஒளிக்காமல் எழுதினார் பாருங்கள், அதற்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை.

இனி எதிர்க்கட்சி. "அதான் சொல்றோம், செட்ஜம்ப்பைத் தொடாதே. கோட்டூவே பாவம், இது கோட்டூவுக்கு அப்பன்." நம் கல்லூரிகளில் இது உபதேசம். காரணம் கேட்டால் டைக்ஸ்ட்ரா என்பார்கள். 1968-இல் டைக்ஸ்ட்ரா எழுதியது ஒரு பத்திரிகைக்கான கடிதம். எல்லாருக்கும் தெரிந்த அந்தத் தலைப்பை வைத்தது அவர்கூட இல்லை, பத்திரிகை ஆசிரியரான நிக்லாஸ் விர்த். கடிதத்தை வாசித்தவர்களைவிடத் தலைப்பை வாசித்தவர்களே அதிகம். கோட்டூ எங்கே பயன்படும், எங்கே படாது என்று 1974-இல் டொனால்ட் க்னூத் நீளமாகப் பிரித்து எழுதியதை நம் வகுப்பறைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. தடைதான் வந்தது, தர்க்கம் வரவில்லை. வகுப்பில் பேசாத விஷயத்தைப் பையன் யூடியூபில் தேடுகிறான், அங்கே சேவ் பாயின்ட் காத்திருக்கிறது. எதிரும் புதிருமாகத் தெரிகிற இரண்டு கட்சியும் கூட்டணிதான்.

தொடாதே என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கணினியிலும் ஃபோனிலும் எழுத்துருக்களைப் புள்ளிகளாக்குகிற வேலையை நெடுங்காலமாகச் செய்துவருகிற ஃப்ரீடைப் நூலகத்துக்குள், எழுத்தின் வளைவுகளைச் சாம்பல் நிறப் புள்ளிகளாக மாற்றும் பகுதியில் செட்ஜம்ப் இருக்கிறது. ஒதுக்கிய சிறு நினைவகம் ஒரு எழுத்துக்குப் போதவில்லை என்றால் உள்ளே ஆழத்திலிருந்து லாங்ஜம்ப் அடித்து வெளியே வந்து, வரையவேண்டிய பட்டையைப் பாதியாக வெட்டி மறுபடி முயலும். நம் ஐயும் ஔவும் ஸ்ரீயும் ஆண்ட்ராய்டு திரையில் ஒழுங்காக விழ இந்தக் குறுக்குத்தடமும் கைகொடுத்திருக்கிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் பிழை கையாள்வதே இதை வைத்துத்தான். ஆனால் அங்கே முதலிலேயே ஏற்பாடு உண்டு: வாங்குகிற நினைவகம் முழுக்க ஒரு கணக்கின் பேரில் வாங்கப்படும், தாவி வந்ததும் அந்தக் கணக்கையே மூடிவிடுவார்கள். 48 வளைவிலும் கிடப்பது ஒரே வாருகோலில் போய்விடும். தம்பி செய்யாமல் விட்டது இதைத்தான். யார் பெருக்குவது என்று கேட்காமல் தாவினான்.

தடைக்கட்சி சொல்வதில் ஒன்று உண்மை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிக்னல் கையாளிக்குள்ளிருந்து தாவுவது பெரும்பாலும் தற்கொலை. மேலாக் நினைவகம் ஒதுக்குவதற்காகப் பூட்டுப் போட்டுக்கொண்டு பாதி வேலையில் இருக்கும்போது சிக்னல் வந்து நீங்கள் தாவிவிட்டால், பூட்டு பூட்டியபடியே நிற்கும். அடுத்த தரம் நினைவகம் கேட்டால் ப்ரோகிராம் அசையாது. இதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுங்கள், யார் வேண்டாம் என்றது?

இந்தச் சொல்லை இவ்வளவு பிடித்துக்கொண்டு தொங்குவானேன் என்று கேட்கலாம். மீட்டெடுத்தல் என்ற சொல்லை மலையில் வேறொரு விஷயத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருக்கிறோம், அதனால்தான். கீழேயிருந்து வருகிறவர்கள் எல்லாரும் சாமையை மீட்டெடுப்போம், தினையை மீட்டெடுப்போம் என்கிறார்கள். சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த நிலத்தில் மரவள்ளி ஏறியது, கிழங்கு சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது, கையில் காசு வருகிறது. வீட்டில் ரேஷன் அரிசி. இது நடந்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. இப்போது ஒரு வார இறுதியில் வந்து ஆரோக்கியம், பாரம்பரியம் என்று பேசி பழைய குறிக்குத் தாவச் சொல்கிறார்கள். அன்றைக்குத் திண்ணையில் இந்தப் பேச்சு வந்தபோது அத்தை முறத்திலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னது:

"சாமை நல்லதுதான் கண்ணு. குத்தறது யாரு?"

குத்துவதற்கு இருந்த உரலும் கையும் நேரமும் அந்தக் குறியோடு சேமிக்கப்படவில்லை. நிலம் அதேதான், விலாசம் சரிதான். மாறியதெல்லாம் மாறியபடி நிற்கிறது. கொல்லிமலையில் இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சிறுதானியத்துக்காக உழைக்கிறது. அவர்கள் உமி நீக்கும் மெஷினைக் கொண்டுவந்தார்கள், ஊரில் விதை வங்கி வைத்தார்கள், பெண்கள் குழுக்களை வைத்து மாவும் பண்டமும் செய்து விற்க வழி பார்த்தார்கள். அதாவது வளைவு வளைவாக நடந்தார்கள். அதிலும் எல்லாம் திரும்பிவிடவில்லை, மரவள்ளி இன்னும் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். ஆனால் அத்தையின் கேள்விக்கு அவர்களிடம் ஒரு மெஷினாவது பதிலாக இருந்தது.

சூழலை மீட்டெடுத்தல் என்று எழுதுகிற கை இந்தக் கேள்வியைக் கேட்காது. அந்தச் சொல்லுக்குள் எல்லாம் தானாகத் திரும்பிவிடும் என்ற உறுதி ஒளிந்திருக்கிறது. அதனால்தான் சண்டை.

தம்பி நட்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் வோலடைலைப் போட்டான், ஒழுகல் நின்றது. பிறகு நான் சொல்லி, செட்ஜம்ப்பைத் தனியாக ஒரு சின்ன ஃபங்ஷனுக்குள் வைத்து, நினைவகம் வாங்குவதையும் கொடுப்பதையும் அதை அழைக்கிற ஃபங்ஷனுக்கே மாற்றினான். அது இன்னும் சுத்தம், வோலடைலே தேவைப்படவில்லை. 200 படம் ஓட்டினோம், அதில் பாதிப் படங்களும் கலந்துதான், நினைவகம் ஏறவில்லை. சந்தோஷமாக இறங்கிப் போனான்.

போன வாரம் ஃபோன் வந்தது. கல்லூரியில் ப்ராஜெக்ட்டைப் பார்க்கிற ஆசிரியர் நிரலைப் புரட்டி, "இதென்னப்பா செட்ஜம்ப் கிட்ஜம்ப்னு, எக்ஸ்டர்னல் வந்தா கேள்வி கேப்பாங்க, எடுத்துடு" என்றிருக்கிறார். எடுத்துவிட்டான். குறி போடாமல் விட்டால் லிப்-பி.என்.ஜி.க்குத் தாவ இடம் கிடையாது, பிழை வந்ததும் மொத்த ப்ரோகிராமையும் அபார்ட் செய்துவிடும். பாதியில் அறுந்த முதல் படத்திலேயே இப்போது எல்லாம் நின்றுபோகிறது.

"அப்ப வைவாவுக்கு என்னடா பண்ணுவ?"

"முழுசா வந்த படமா பாத்து ஒரு நாப்பது பொறுக்கித் தனி ஃபோல்டர்ல போட்டுட்டேண்ணா."